டான்யூப் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி புடாபெஸ்ட்: பஸ் டூர் வேணாம், ரெண்டாம் நம்பர் டிராம் போதும்

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட்டுல ரிட்டயர் ஆனவங்க மத்தியில இப்ப ஐரோப்பா ஆத்துக் கப்பல் பேச்சுதான் ஓடுது. கோயில் அன்னதானத்துல பந்தியில உக்காந்தா பக்கத்துல இருக்கறவங்க கேக்கறாங்க, கிளினிக்குல நம்பர் எடுத்துட்டு உக்காந்தா அங்கயும் கேக்கறாங்க, டீச்சர் நீங்க போய்ட்டு வந்தீங்களாமே, கப்பல் எப்படி, சாப்பாடு எப்படி, போட்ட காசுக்கு தகுமான்னு. கப்பல பத்தி நான் அதிகம் எழுதப் போறதில்ல, அதுக்கு கம்பெனிக்காரங்களே வழவழன்னு புக்கு அடிச்சு குடுக்கறாங்க. நான் சொல்ல வர்றது டான்யூப் ஆத்துல கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி ஹங்கேரி தலைநகர் புடாபெஸ்ட்டுல தங்கி ஊர் பாக்கறத பத்தி. என்ன கேட்டா மொத்த பயணத்துலயும் மனசுல நிக்கறது அந்த ஊருதான், அதுலயும் நம்மளா நடந்து, டிராம் ஏறி, நின்னு நிதானமா பாத்ததுதான்.

முதல்ல, கப்பல் கெளம்புற அன்னைக்கே போய் இறங்கற மாதிரி டிக்கெட் போடாதீங்க. கோலாலம்பூர்லேருந்து புடாபெஸ்ட்டுக்கு நேர் ஃப்ளைட் கிடையாது, தோஹாவோ இஸ்தான்புல்லோ எங்கயாச்சும் மாறித்தான் போகணும், நம்ம ஊர்லேருந்து கெளம்புறவங்களுக்கு அதுக்கும் முன்னாடி ஈடிஎஸ் ரயில் புடிச்சு கேஎல் சென்ட்ரல் போய் அங்கேருந்து கேஎல்ஐஏ ஏர்போர்ட் போற அலைச்சல் வேற. நடுவுல ஒரு ஃப்ளைட் லேட்டாச்சுன்னா கப்பல் உங்களுக்காக நிக்காது. அதோட ஆத்துக் கப்பல்ங்கறது தண்ணிய நம்பி ஓடுறது. 2018லயும் 2022லயும் வறட்சியில தண்ணி வத்தி நெறைய கப்பல் வழியில மாட்டிக்கிச்சு, ஜனங்கள பஸ்ஸுல ஏத்தி அடுத்த ஊருக்கு கொண்டு போனாங்க. 2024 செப்டம்பர்ல அதுக்கு நேர்மாறா வெள்ளம் வந்து புடாபெஸ்ட்டோட கரையோர ரோடே முங்கிடுச்சு. கப்பல் திட்டம் எப்ப வேணா மாறலாம், ஆனா முன்னாடியே போய் நீங்க பாத்து முடிச்ச ஊர யாரும் மாத்த முடியாது.

தங்கறது பெஸ்ட் பக்கம் தங்குங்க. ஊரு ரெண்டு கரையா இருக்கு, மேக்கால புடா, மலையும் கோட்டையும், கிழக்கால பெஸ்ட், தட்டையான பூமி, கடை கண்ணி எல்லாம் இங்கதான். புடா, ஓபுடா, பெஸ்ட்ன்னு தனித்தனி ஊரா இருந்தத 1873ல ஒண்ணா சேத்து புடாபெஸ்ட்டுன்னு ஆக்கினாங்க. டெயாக் சதுக்கம்ன்னு ஒரு எடம் இருக்கு, ஊர்ல இருக்கற நாலு மெட்ரோ லைன்ல மூணு அங்க வந்து சேருது, ஏர்போர்ட்லேருந்து வர்ற 100இ பஸ்ஸும் அங்கதான் வந்து நிக்கும். அதுலேருந்து நடக்கற தூரத்துல ஹோட்டல் எடுத்தா டாக்சி செலவே வராது. என் நாத்தனாருக்கு முட்டி வலி, படி ஏறுனா அன்னைக்கு ராத்திரி தூங்க முடியாது, அவங்கள வச்சுதான் நாங்க எல்லாத்தையும் திட்டம் போட்டோம், அதனால நான் சொல்ற வழி எல்லாம் முட்டி வலிக்காரங்களுக்கும் ஒத்து வரும்.

இப்ப அந்த பஸ் டூர் விஷயம். பேக்கேஜ் வாங்குறப்ப ஏஜெண்டுங்க, கப்பலுக்கு முன்னாடி சிட்டி டூர்ன்னு ஒண்ண சேத்து விப்பாங்க, அரை நாள், ஏசி கோச்சு, காதுல மாட்டிக்க ஒரு மிஷின். பேர் சொல்ல விரும்பல, நாத்தனார் வாங்குன பேக்கேஜுல அது சேந்தே வந்துச்சு, காசு கட்டியாச்சேன்னு அவங்க மட்டும் போய்ட்டு வந்தாங்க. பார்லிமெண்ட கோச்சு ஜன்னல் வழியா காட்டுனாங்களாம், ஹீரோஸ் ஸ்கொயர்ல இறக்கி போட்டோ எடுங்கன்னு சொல்லிட்டு உடனே ஏறச் சொன்னாங்களாம், கோட்டை மேல இறக்கிவிட்டு கொடிய புடிச்ச கைட் பின்னாடி ஓட விட்டாங்களாம், முட்டி வலிக்காரங்க எப்படி ஓடுவாங்க. வந்து கட்டில்ல உக்காந்து, “அண்ணி, எல்லாத்தையும் பாத்தேன், ஆனா எத பாத்தேன்னு கேட்டா சொல்லத் தெரியல”ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகவே இத எழுதறேன். அவ்வளவு தூரம் போயி, ரிட்டயர்மெண்டுக்குன்னு சேத்த இபிஎஃப் காச எடுத்து செலவு பண்ணி, எத பாத்தோம்னு சொல்லத் தெரியாம வர்றது நியாயமே இல்ல. மறுநாள் அவங்கள கூட்டிட்டு அதே எடங்களுக்கு எல்லாம் நாங்களே போனோம், அந்த கோச்சு டூருக்கு கட்டுன காசுல கொஞ்சம்தான் செலவு.

எப்படின்னா ரெண்டாம் நம்பர் டிராம். மஞ்சள் கலரு, பெஸ்ட் கரைய ஒட்டியே ஓடுது, பார்லிமெண்ட், சங்கிலிப் பாலம், பெரிய மார்க்கெட் எல்லாமே அந்த ஒரே லைன்ல வந்துடும். ஜன்னல் ஓரமா உக்காந்தா ஒரு பக்கம் ஆறு, அதுக்கு அந்தாண்ட கோட்டை, மலை மேல விடுதலை சிலை, முழு ஊரும் கண்ணு முன்னாடி ஓடுது. ஒரு நாள் பாஸோ மூணு நாள் பாஸோ வாங்கிட்டா மெட்ரோ, டிராம், பஸ் எல்லாத்துக்கும் அது ஒண்ணே போதும் (ஏர்போர்ட் 100இ பஸ்ஸுக்கு மட்டும் தனி டிக்கெட்), எங்க வேணா இறங்கி மறுபடி ஏறலாம். சில்லறை டிக்கெட் வாங்குறவங்க மட்டும் ஏறுனவுடனே மிஷின்ல குத்திடணும், மெட்ரோன்னா கீழ இறங்கறதுக்கு முன்னாடியே குத்தணும், செக்கிங்காரங்க அங்க ரொம்ப ஸ்ட்ரிக்டு, டூரிஸ்டுன்னு விட மாட்டாங்க.

பார்லிமெண்ட உள்ள போய் பாருங்க, வெளிய நின்னு போட்டோ எடுத்துட்டு வந்துடாதீங்க. டிக்கெட்ட ஊர்லேருந்தே ஆன்லைன்ல எடுத்துடணும், அங்க போய் நின்னா பல நாள் கெடைக்கறதில்ல. இங்கிலீஷ் கைட் டூர் முக்கால் மணி நேரம் போல ஆகும். கட்டிடம் 268 மீட்டர் நீளம், நடுவுல இருக்கற கோபுரம் 96 மீட்டர் உயரம். 96 ஏன்னா ஹங்கேரிக்காரங்க அந்த மண்ணுல வந்து குடியேறுனது 896ன்னு கணக்கு, அத நெனவுல வச்சு கட்டுனது, பெரிய சர்ச்சான செயிண்ட் ஸ்டீபன் பசிலிக்காவும் அதே 96 மீட்டர்தான். உள்ள சுமார் 40 கிலோ தங்கம் வேலைப்பாட்டுக்கு போட்டிருக்காங்க. கோபுரத்துக்கு நேர் கீழ அவங்க ராஜாக்களோட கிரீடம் இருக்கு, பக்கத்துல வாளோட காவல்காரங்க நிக்கறாங்க, அங்க மட்டும் போட்டோ எடுக்கக் கூடாது. கிரீடத்து மேல இருக்கற சிலுவை சாஞ்சு இருக்கும், அத நிமுத்தாம அப்படியே வச்சிருக்காங்க. ரெண்டாம் உலகப் போர் முடியறப்ப அந்த கிரீடம் அமெரிக்காக்காரங்க கைக்கு போயி 1978லதான் திரும்பி வந்துச்சு. இதெல்லாம் கைட் சொல்லுவாங்க, நான் நின்னு பாத்தது வேற ஒண்ணு. சபைக்கு வெளிய இருக்கற காரிடார்ல ஜன்னல் ஓரமா வரிசையா பித்தளையில சுருட்டு வைக்கற தட்டு இருக்கு, ஒவ்வொரு குழிக்கும் பக்கத்துல நம்பர் அடிச்சிருக்கு. பேசறவர் நல்லா பேசறார்ன்னு கேட்டா மெம்பருங்க சுருட்ட தன் நம்பர்ல வச்சுட்டு உள்ள ஓடுவாங்களாம், வெளிய வந்து பாக்கறப்ப சுருட்டு எவ்வளவு எரிஞ்சு போயிருக்கோ அவ்வளவுக்கு பேச்சு நல்ல பேச்சுன்னு அர்த்தமாம். அந்த பித்தளைய நான் குனிஞ்சு பாத்தேன், தொடத் தொட ஓரமெல்லாம் தேஞ்சு நம்பர் பக்கம் மட்டும் கருத்துப் போயிருக்கு. கோச்சு ஜன்னல்லேருந்து இதெல்லாம் தெரியவா போகுது.

பார்லிமெண்டுலேருந்து தெக்கால ஆத்தோரமா கொஞ்ச தூரம் நடந்தா கரை விளிம்புல இரும்புச் செருப்பும் சப்பாத்தும் இருக்கும். 60 ஜோடி. 2005ல வச்சது, கியூலா பவுவர்ங்கற சிற்பியும் ஜான் டோகாய்ங்கற டைரக்டரும் சேந்து பண்ணது. 1944 கடைசியிலயும் 1945 ஆரம்பத்துலயும் ஹிட்லர் பக்கம் நின்ன ஹங்கேரியோட அம்புச்சிலுவை கட்சிக்காரங்க யூதர்கள கூட்டிட்டு வந்து இந்த கரையில நிக்க வச்சு, சப்பாத்த கழட்டச் சொல்லி, சுட்டு ஆத்துல தள்ளுனாங்க. சப்பாத்துக்கு அப்ப விலை இருந்துச்சு, அதனால கழட்ட வச்சாங்க. அதுல குதிங்கால் வச்ச பொம்பளைங்க சப்பாத்து இருக்கு, வேலைக்காரங்க போடற கயிறு கட்டுன பூட்ஸ் இருக்கு, நாக்கு தொங்கி வாய் பொளந்து கெடக்கு, சின்னப் புள்ளைங்களோடதும் இருக்கு. யாரோ ஒரு குட்டிச் சப்பாத்துக்குள்ள மிட்டாய் வச்சிருந்தாங்க. இரும்பு துருப்புடிச்சு கல்லு மேலயும் அந்த செகப்பு வழிஞ்சிருக்கு.

எங்க தாத்தாவ ஜப்பான்காரன் காலத்துல தோட்டத்துலேருந்து சயாம்-பர்மா ரயில் பாதை போடற வேலைக்கு புடிச்சிட்டு போனாங்க, திரும்பி வரல. 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1942லயும் 1943லயும் போட்டது, மலாயா தோட்டங்கள்லேருந்து போன நம்ம சனம் பல்லாயிரம் பேர் அங்கயே போய்ட்டாங்க, பாதிப் பேருக்கு எங்க பொதைச்சாங்கன்னே தெரியாது. பாட்டி கடைசி வரைக்கும் தேதி தெரியாமலே திதி குடுத்தாங்க. அந்த கரையில நின்னப்ப எனக்கு அதுதான் நெனப்பு வந்துச்சு, எங்க வீட்டுக்காரரும் ஒண்ணும் பேசல. செத்தவங்களுக்குன்னு ஒரு எடம் இருந்தா மத்த ஊர்க்காரங்ககூட வந்து நின்னுட்டு போவாங்க, அது எவ்வளவு பெரிய விஷயம்ன்னு அங்க நின்னா தெரியும். போறவங்க ஒரு பூவாச்சும் வாங்கிட்டு போங்க. அங்க இறங்கறதுக்கு கரையோர ரோட்ட கடக்கணும், காடிங்க வேகமா வரும், சிக்னல் இருக்கற எடமா பாத்து கடங்க. தயவுசெஞ்சு அந்த சப்பாத்துக்குள்ள கால விட்டு போட்டோ எடுக்காதீங்க, எடுக்கறவங்கள நான் பாத்தேன்.

சங்கிலிப் பாலம் அங்கேருந்து பக்கம்தான், நடந்தே போயிடலாம். 1849ல தொறந்தது, புடாவையும் பெஸ்ட்டையும் நிரந்தரமா சேத்த முதல் பாலம். டிசைன் போட்டவர் வில்லியம் டியர்னி கிளார்க், இங்கிலாந்துக்காரர், நின்னு கட்டுனவர் ஆடம் கிளார்க், ஸ்காட்லாந்துக்காரர், பேர் ஒண்ணா இருந்தாலும் ரெண்டு பேரும் சொந்தக்காரங்க இல்ல. பாலம் வேணும்ன்னு முயற்சி எடுத்து நின்னவர் சேச்செனிங்கற பிரபு. அவங்க அப்பா செத்ததுக்கு ஆத்த தாண்ட முடியாம பனிக்கட்டி மிதக்கறதால ஒரு வாரம் கரையிலயே காத்திருந்தார்ன்னும் அதுலேருந்துதான் பாலம் கட்டணும்ங்கற வெறி வந்துச்சுன்னும் சொல்லுவாங்க. 1945 ஜனவரியில பின்வாங்கி ஓடுன ஜெர்மன்காரங்க இந்த ஊர் பாலங்கள எல்லாம் வெடி வச்சு தகர்த்தாங்க, இதயும் விடல. சரியா நூறு வருஷம் கழிச்சு 1949ல அத மறுபடி கட்டி தொறந்தாங்க. ரெண்டு பக்கமும் கல்லு சிங்கம். இப்ப சொந்தக் காடிங்கள பாலத்துல விடறதில்ல, பஸ்ஸும் டாக்சியும் சைக்கிளும்தான், அதனால நடக்கறதுக்கு சொகமா இருக்கு. பொழுது சாயறப்ப நடங்க, வெளக்கு போடறத பாலத்து மேலேருந்தே பாக்கலாம்.

கோட்டைக்கு போறதுக்கு பாலத்து புடா பக்கத்துலயே மலை ஏறுற கேபிள் வண்டி ஒண்ணு இருக்கு, 1870ல முதல்ல தொறந்தது, அழகுதான், ஆனா டிக்கெட் தனி, பாஸ் செல்லாது, க்யூவும் நீளம். பதினாறாம் நம்பர் பஸ்ஸ புடிங்க. டெயாக் சதுக்கத்துலேருந்து கெளம்பி, சங்கிலிப் பாலத்த தாண்டி, மலை ஏறி, கோட்டை மேலயே இறக்கி விட்டுடும், பாஸ் இருந்தா தனி காசு வேணாம். நாத்தனார் ஒரு படி ஏறல. காலையில சீக்கிரமா போனீங்கன்னா மீனவர் கொத்தளத்துல ஆளே இருக்காது, ஒம்பது மணிக்கு மேல கோச்சுங்க வர ஆரம்பிச்சுட்டா நிக்க எடம் கெடைக்காது. பேர பாத்து ஏதோ பழைய யுத்த கோட்டைன்னு நெனைக்காதீங்க, 1895லேருந்து 1902க்குள்ள கட்டுனது, ஊர பாக்கறதுக்குன்னே கட்டுன மாடம்ன்னு வச்சுக்கலாம். ஏழு கோபுரம், அவங்க ஏழு குலத் தலைவருக்கு ஒண்ணுன்னு. மேல் மாடத்துக்கு மட்டும் டிக்கெட், மத்த எடமெல்லாம் சும்மா நடக்கலாம், காட்சி ஒண்ணும் குறையாது, அதனால மேல் மாடத்துக்கு காசு குடுக்காதீங்கன்னு சொல்வேன். பக்கத்துல மத்தியாஸ் சர்ச்சு, கூரை ஓட்டுல பச்சை, மஞ்சள், செங்கல் கலர்ல கட்டம் கட்டமா டிசைன். 1541லேருந்து 1686 வரைக்கும் புடா துருக்கிக்காரங்க கையில இருந்துச்சு, அப்ப இந்த சர்ச்சு மசூதியா இருந்துச்சு.

ஹீரோஸ் ஸ்கொயர், பெரிய யூதக் கோயில், பசிலிக்கா, இதெல்லாமும் பாத்தோம். யூதக் கோயில் 1859ல கட்டுனது, ஐரோப்பாவுலயே பெருசு, பின்னாடி முத்தத்துல உலோகத்துல ஒரு மரம் நிக்குது, இலைக்கு இலை செத்தவங்க பேர். இதுக்கு நேரம் இருந்தா கண்டிப்பா போங்க. ஹீரோஸ் ஸ்கொயர் பெரிய மைதானம், சிலைங்க, அவ்வளவுதான், வெயில்ல நிக்க வேணாம்.

ஆனா ஹீரோஸ் ஸ்கொயருக்கு போற மெட்ரோ இருக்கே, அதுக்காகவே போகலாம். எம்1, மஞ்சள் லைன், 1896ல தொறந்தது, லண்டனுக்கு அப்புறம் ஐரோப்பாவுல ரொம்ப பழசு. ரோட்டுக்கு ரொம்ப கீழ இல்ல, கொஞ்சம் படிதான், முட்டிக்கு ஒத்து வரும். ஸ்டேஷனெல்லாம் சின்னச் சின்னதா வெள்ளையும் அரக்கு கலருமா ஓடு ஒட்டி, மரத்துல டிக்கெட் ரூம் வச்சு, பழைய கோலத்துலயே வச்சிருக்காங்க, ரயிலும் குட்டியா வந்து நிக்கும். போர்டுல ‘சேச்செனி’ன்னு வர்ற ஸ்டேஷன்ல இறங்குனா சுடுதண்ணிக் குளம். 1913ல கட்டுன மஞ்சள் மாளிகை, பூமிக்கு அடியிலேருந்து 74 டிகிரி, 77 டிகிரியில தண்ணி வருது, அத ஆத்தி பல குளமா பிரிச்சு விட்டிருக்காங்க, வெளிய இருக்கற ஒரு குளம் 38 டிகிரி. வெளிய குளிர் காத்து, தண்ணி மேல ஆவி, ஊர் தாத்தாமாருங்க தண்ணியில நின்னுகிட்டே செஸ் ஆடறாங்க. நாத்தனார் முதல்ல கூச்சப்பட்டாங்க, ஆம்பளை பொம்பளை சேந்து குளிக்கற எடம், என்னண்ணி இதுன்னு. முழங்கால் வரைக்கும் வர்ற நீச்சல் துணிய ஈப்போவுலயே வாங்கி வச்சிருந்தோம், அத போட்டு இறங்குனவங்கதான், கூப்புட்டா வரல, அன்னைக்கு ராத்திரி முட்டிக்கு தைலம் போடாமலே தூங்கிட்டாங்க. டிக்கெட் விலை கூடத்தான், இருந்தாலும் காசுக்கு நூத்துக்கு நூறு தகும். சிலிப்பரும் டவலும் கையோட கொண்டு போயிடுங்க, அங்க வாங்குனா அநியாய விலை. இன்னொரு சேதி, இந்தியாவோட பெரிய ஓவியர் அம்ரிதா ஷெர்கில் பொறந்தது இந்த புடாபெஸ்ட்டுலதான், இந்த குளம் தொறந்த அதே 1913ல, அம்மா ஹங்கேரிக்காரங்க. ஸ்கூல்ல படம் வரையற புள்ளைங்களுக்கு அவங்கள பத்தி சொல்லியிருக்கேன், அந்த ஊர்ல நடக்கறப்ப அது ஒரு தனி சந்தோஷம்.

சாப்பாடு. இதத்தான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க. அவங்க ஊர் பேர் போன கூலாஷ் மாட்டிறைச்சி சூப்பு, அதனால மாடு சாப்பிடாதவங்க கேட்டுட்டு வாங்கணும். மர்ஹான்னு போட்டிருந்தா மாடு, ஷெர்தேஷ்ன்னா பன்னி, சிர்கென்னா கோழி, ஹல்ன்னா மீனு. இத நான் ஒரு தாள்ல எழுதி பர்ஸுல வச்சிருந்தேன், நல்லா ஒதவுச்சு. சுத்த சைவக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை, காய்கறி மட்டும் போட்ட பண்டத்தக்கூட சில கடையில பன்னிக் கொழுப்புல தாளிப்பாங்க, எண்ணெயா கொழுப்பான்னு கேட்டுடுங்க. ஃபோசெலேக்ன்னு பட்டாணி, பீன்ஸ், பூசணி இதுகள மசிச்சு கெட்டியா வைக்கற ஒரு பண்டம் இருக்கு, அது நம்ம வயித்துக்கு ஒத்து வருது. பொரிச்ச மாவு மேல பூண்டு தண்ணி தடவி புளிச்ச க்ரீமும் சீஸும் போட்டு தர்ற லாங்கோஷ் ஒண்ணு வாங்குனா ரெண்டு பேருக்கு போதும். எங்களுக்கு எல்லாம் ரொம்ப புடிச்சது ஹாலாஸ்லேங்கற மீன் சூப்பு, ஆத்து மீன போட்டு, பாப்ரிகாங்கற அவங்க ஊர் மிளகாத்தூள அள்ளிக் கொட்டி செக்கச்செவேல்ன்னு வைக்கறாங்க, புளி இல்லாத மீன் குழம்பு மாதிரி இருக்கு, கூட ரொட்டி தர்றாங்க, சோறு கேக்காதீங்க.

பாப்ரிகா வாங்க பெரிய மார்க்கெட்டுக்கு போங்க, ரெண்டாம் நம்பர் டிராம்லயே போகலாம், பச்சை கலர் விடுதலைப் பாலத்துக்கு பக்கத்துல. 1897ல தொறந்த, இரும்புச் சட்டம் வச்ச கட்டிடம், கூரையில கலர் ஓடு. கீழ் தட்டுல காய்கறி, இறைச்சி, மிளகா மாலை மாலையா தொங்குது, மாடியில சாப்பாட்டுக் கடையும் துணி பொம்மை கடையும். மாடியில டூரிஸ்ட் விலை, சாமான் வாங்கறதுன்னா கீழயே வாங்குங்க, அதுலயும் வாசல்ல இருக்கற கடைங்கள விட்டுட்டு உள்ள தள்ளி ஊர்க்கார அம்மாங்க கூடையோட நிக்கற கடையா பாத்து வாங்குங்க. இனிப்பு பாப்ரிகா, காரம்ன்னு ரெண்டு வகை உண்டு, காரம்ங்கறதே நம்ம நாக்குக்கு ஒண்ணும் இல்ல. இனிப்பு வகைதான் விசேஷம், நெறமும் வாசமும் அதுலதான். கடைக்கார அம்மா பைய பிரிச்சு மூக்கு கிட்ட காட்டுனாங்க, காஞ்ச மிளகா நெடி இல்ல, தும்மல் வரல, வறுத்த தக்காளியும் வெல்லமும் கலந்தாப்ல ஒரு வாசம். மிளகா அமெரிக்காவுலேருந்து வந்த செடி, துருக்கிக்காரங்க காலத்துல ஹங்கேரிக்குள்ள நொழைஞ்சுதுன்னு சொல்றாங்க. செந்த் ஜ்யோர்ஜிங்கற விஞ்ஞானி செகெட் ஊர்ல பாப்ரிகா மிளகாயிலேருந்து வைட்டமின் சிய குவியலா பிரிச்சு எடுத்தார், 1937ல நோபல் பரிசு வாங்குனார்.

வாங்கிட்டு வந்து சமைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், அந்த அம்மா கையக் காட்டி வெளங்க வச்சது. நம்ம மிளகாத்தூள கொதிக்கற எண்ணெயில போட்டு வதக்கற மாதிரி இத வதக்கக் கூடாது, இதுல சக்கரை சத்து இருக்கு, டக்குன்னு கருகி கசந்துடும். வெங்காயத்த நல்லா வதக்கி, அடுப்ப அணைச்சு, சட்டிய இறக்கி வச்சுட்டு தூள போட்டு ஒரு கிண்டு கிண்டி உடனே தண்ணி ஊத்திடணும். வீட்டுல கோழிக்கு அப்படி செஞ்சு பாத்தேன், நெறம் அப்படியே நின்னுச்சு. எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் நம்ம மிளகாத்தூளும் சேருன்னார், அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு.

காசு விஷயம் சுருக்கமா. அங்க யூரோ இல்ல, ஃபோரிண்ட். யூரோ வாங்கற கடை இருக்கு, ஆனா கணக்குல அடிப்பாங்க. ஏர்போர்ட்டுல மொத்தமா மாத்தாதீங்க, கார்டுல தட்டுனா எல்லா எடத்துலயும் எடுக்கறாங்க. மிஷின்ல உங்க காசுல வெட்டவா அவங்க காசுல வெட்டவான்னு கேட்டா எப்பவும் ஃபோரிண்ட்ட அமுக்குங்க, வெள்ளிய (நம்ம ரிங்கிட்ட) அமுக்குனா ரேட்டு மோசம். மலேசியா பாஸ்போர்ட்டுக்கு விசா வேணாம். செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல போனா பகல்ல ஒரு ஜாக்கெட் போதும், ராத்திரி ஆத்துக் காத்து எலும்ப தொளைக்கும், காத மூடற தொப்பி ஒண்ணு வச்சுக்குங்க.

கப்பல் ஏறுற அன்னைக்கு ரூம் பொதுவா மதியத்துக்கு மேலதான் குடுப்பாங்க, ஆனா பைய காலையிலயே கொண்டு போய் கப்பல்ல வச்சுட்டு வரலாமான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க, எங்க கப்பல்ல விட்டாங்க. அந்த காலை நேரத்த ஹோட்டல் லாபியில உக்காந்து வீணாக்காதீங்க, மார்க்கெட்டுக்கோ மறுபடி அந்த கரைக்கோ போயிட்டு வாங்க. கப்பலுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டியிருக்கும், நம்ம கப்பலுக்கு போக இன்னொரு கப்பலோட லாபிக்குள்ள பூந்து போக வேண்டி வரும், தெகைக்க வேணாம். ரூம் ஜன்னல தொறந்தா அடுத்த கப்பல் ஜன்னலா இருக்கலாம், அதனால பால்கனி ரூமுக்கு கூடுதலா குடுக்கறவங்க முதல் ராத்திரிய பெருசா எதிர்பாக்காதீங்க. வியன்னா பக்கம் போற கப்பலுன்னா ஆத்த எதுத்து வடக்கால போகும், வலது பக்கம் பார்லிமெண்ட், இடது பக்கம் கோட்டையும் மீனவர் கொத்தளமும். ராத்திரி கெளம்புதுன்னா எல்லாரும் சாப்பாட்டு ஹால்ல உக்காந்திருப்பாங்க, நீங்க சாப்பாட்ட கொஞ்சம் முன்னாடியே முடிச்சுட்டு ஜாக்கெட்ட போட்டுட்டு மேல் தட்டுக்கு போயிடுங்க, பாலம் தாழ்வா வர்ற எடத்துல மேல் தட்ட மூடிடுவாங்க, அதனால எத்தன மணிக்கு மூடறாங்கன்னு ரிசப்ஷன்ல முதல்லயே கேட்டுக்குங்க.